தனித்தட்டு

அன்புள்ள ஐயா,

தன்னார்வப் பணிக்காக செனகல் வந்து ஆறு வாரம் ஆகிறது. கவ்லாக் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று தட்டுகிறார்கள். எதிர்வீட்டுக் கிழவர் தினமும் என்னைச் சோற்றுத் திருடன் என்கிறார். மதியம் எல்லோரும் ஒரே பேசினில் சாப்பிடுகிறார்கள், அதுவும் நொய்ச்சோறு. நான் பக்குவமாகச் சொல்லித் தனித்தட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டவுனில் அறை எடுத்துக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள ச.,

கதவெல்லாம் ஒரு பிரச்சினையா? திறந்தே வையுங்கள். கிழவர் விஷயம் சுலபம். உங்களுக்கு ஜோப் என்று குடும்பப்பெயர் வைத்திருப்பார்கள், அவர் ந்ஜாய். இந்த இரண்டு பெயர்க்காரர்களும் நம்மூர் மாமன் மச்சான் மாதிரி, பார்த்த இடத்தில் வம்பிழுத்தே ஆகவேண்டும். நாளைக்கு நீங்களும் அவரைச் சாப்பாட்டு ராமன் என்று திட்டுங்கள். திட்டாமல் சிரித்துக்கொண்டு போவதுதான் அங்கே மரியாதைக்குறைவு.

நொய் என்று முகம் சுளிக்கிறீர்கள். வியட்நாம் பக்கத்து இந்தோசீன அரிசி ஆலைகளில் மிஞ்சியதைப் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அதையே மீன் வெந்த சாற்றில் வேகவைத்து, 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். செப்பு ஜென் என்கிற அந்த மீன்சோற்றுக்கு முழு அரிசி போட்டால்தான் தப்பு. நம் நாட்டு நொய்யும் அங்கே போகிறது. 2022 செப்டம்பரில் நம் அரசு நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேசின்தான்.

ஆனால் தட்டு! அதைப் படித்ததும் கடிதத்தை மூடிவைத்துவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் தாத்தா வீட்டு மாட்டுத்தொழுவத்தில், எறவாணத்தில் ஒரு அலுமினியத் தட்டு செருகியிருக்கும். விளிம்பு நசுங்கியது. வயல்வேலைக்கு வரும் ஒருவர் அதை உருவி, தானே கழுவி, குனிந்து நீட்டுவார். ஆத்தா எட்ட நின்று சோற்றைப் போடுவார். சாப்பிட்டபின் மறுபடி கழுவி அங்கேயே செருகிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் தனக்கென்று தட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அது என்ன என்று எனக்குப் புரியவே பதினைந்து வருஷம் ஆனது. உங்களுக்குப் படிப்பு இருக்கிறது, வயது இருக்கிறது, கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்! சுத்தம் என்று சொல்லாதீர்கள். சாப்பிடுமுன் அங்கே கைகழுவத் தண்ணீர் சுற்றி வருகிறது. அவரவருக்கு நேரே உள்ள சோற்றை அவரவர் எடுக்கிறார்கள், அடுத்தவர் பக்கம் யாரும் கை நீட்டுவதில்லை. இதற்கு மேல் என்ன நாசூக்கு வேண்டும்?

கோபமாக எழுதிவிட்டேன். நானும் யோக்கியன் இல்லை. பல வருஷங்களுக்கு முன் அதே பக்கத்தில் நான்கு மாதம் இருந்தேன். முதல் நாள் பேசினைப் பார்த்ததும் என் கண்ணும் தட்டைத்தான் தேடியது. வீட்டம்மா எதுவும் சொல்லவில்லை. நடுவிலிருந்த மீனைப் பிய்த்து, முள் எடுத்து, என் பக்கத்துச் சோற்றில் போட்டார். அப்புறம் ஒரு துண்டு மரவள்ளி, ஒரு துண்டு கேரட். நான் "சூர் நா", வயிறு நிறைந்துவிட்டது, என்று சொல்லச் சொல்ல விழுந்துகொண்டே இருந்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துத் தன் பங்குக் கத்தரிக்காயை என் பக்கம் தள்ளினான்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் என் பக்கம் மீன் வரவில்லை. வெளியூரிலிருந்து யாரோ வந்திருந்தார். வீட்டம்மா என் முழங்கையில் இடித்து, தாடையால் மீனைக் காட்டினார். பிய்த்து, முள் எடுத்து, வந்தவர் பக்கம் போட்டேன். முள் சரியாக எடுக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன்.