காற்றாலை, சூரிய மின் துறையில் மனிதவள வேலைக்கு எப்படித் தயாராவது?

கிளிநொச்சியிலிருந்து முகாமைத்துவப் பட்டதாரி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டுமானக் காலத்தில்தான் ஆட்கள் நிறையத் தேவை. ஓடத் தொடங்கினால் சிலரே போதும். மன்னார் தம்பபவனியின் 30 காற்றாலைகளுக்கும் (103.5 மெகாவாட்) இதே கதைதான். ஆகவே கட்டுமான ஒப்பந்தகாரர் பக்கமாக நுழையுங்கள்.

அங்கே அதிகம் பிழை வருவது ஊழியர் சேமலாப நிதியில் (EPF). சம்பளத்தில் தொழிலாளி 8, தொழில்தருநர் 12 சதவீதம்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் (ETF) தொழில்தருநர் 3 சதவீதம். தற்காலிக ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். அடையாள அட்டைப் பெயரோடு பதிவு ஓரெழுத்து மாறினாலும், பணம் எடுக்கையில் அந்தக் குடும்பம்தான் அலையும். சேர்க்கும் நாளிலேயே அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

உயரத்தில் ஏறுவோரின் மருத்துவ, பயிற்சிச் சான்றுகள் முடியும் திகதிகளை ஒரே அட்டவணையில் வையுங்கள். சிங்களமும் பழகுங்கள், வேலைத்தளத்தில் இரு மொழியும் வேண்டும்.