எம்.எஸ். வந்ததற்காக ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: அரசுடைமை வங்கி ஒன்றில் 11 வருடமாக கிளார்க்காக இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு கண் மங்கியது, அப்புறம் இடது கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு மண்டல நோய் என்றார்கள். சில நாள் எல்லோரையும் போல நடக்கிறேன். சில நாள், அதுவும் வெயிலில் வந்தால், கால் ஓய்ந்துவிடுகிறது. கிளை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. “நேத்து நல்லாத்தானே நடந்தீங்க?” என்கிறார் மேனேஜர். இப்போது ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 30 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறார்கள். 40 இல்லாவிட்டால் எந்த உரிமையும் இல்லை என்பது உண்மையா? (வாசகி, மதுரை மாவட்டம்)

பதில்: முதலில் ஒன்று, சகோதரி. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். “உங்க நல்லதுக்குத்தான்” என்று யார் சொன்னாலும் சரி. ஏற்கெனவே கொடுத்திருந்தால், வங்கி அதை ஏற்று உத்தரவு போடும் முன் எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அதில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் இது கிடையாது. உங்கள் மேனேஜர் காலில் கட்டும் கையில் ஊன்றுகோலும் தேடுவது அந்தக் காலத்து நினைப்பு.

40 சதவீதக் கணக்கு எங்கே வருகிறது? வேலைவாய்ப்பில் 4 சதவீத இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கு அது கட்டாயம். உங்கள் பிரச்சினை அதுவல்லவே. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 20(4). அங்கே 40 என்ற எண்ணே இல்லை. அந்தப் பணி செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் தகுந்த இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான உங்கள் வங்கி அதில் அடங்கும். தனியார் கம்பெனியில் இருந்திருந்தால் இந்தப் பதில் இவ்வளவு தெம்பாக இருந்திருக்காது.

2021-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். நியாயமான வசதி கேட்பதற்கு அந்த அளவுகோல் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. உங்கள் மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

ஆகவே, கேட்க வேண்டியது கருணை அல்ல, வசதி. தரைத்தளத்தில் உள்ள கிளைக்கு மாற்றம், ஏ.சி. இருக்கும் இடத்தில் இருக்கை, பக்கத்தில் கழிப்பறை, வெயில் ஏறும் முன் வந்துசேரும்படி நேரம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது, “எம்.எஸ். உள்ளது” என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். இது ஏறி இறங்கும் நோய், சூடு பட்டால் அறிகுறி கூடும், சோர்வு வெளியே தெரியாது என்று அவர் எழுதித் தர வேண்டும். “நேத்து நடந்தீங்களே” என்பதற்குப் பதில் அந்தக் கடிதம்தான். நோய் கூடினால் சான்றிதழை மறுமதிப்பீட்டுக்கும் கொடுக்கலாம்.

மனுவை வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். பிரிவு 23-இன்படி அப்படி ஒருவர் இருக்க வேண்டும், இரண்டு வாரத்தில் விசாரிக்கவும் வேண்டும். அங்கே நடக்காவிட்டால் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு எழுதுங்கள். பலர் சென்னையில் உள்ள மாநில ஆணையருக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மத்திய அரசின்கீழ் வரும் வங்கிக்கு அது சரியான இடமல்ல.

ஆனால் ஆணையர் பரிந்துரைதான் செய்வார், தடை உத்தரவு போடமாட்டார். பணிநீக்க நோட்டீஸ் வந்துவிட்டால் அங்கே நேரம் கடத்தாமல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள். மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னதையெல்லாம் தேதி போட்டு, “இன்று நீங்கள் என்னிடம் கூறியபடி” என்று அவருக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்திருந்தால், அன்றைக்கு உங்கள் வக்கீலுக்கு வேலை பாதி குறையும்.