மலையை வெட்டினால் காற்று என்ன செய்யும்? காற்றாலை கேள்வி பதில்

கேள்வி (உசிலம்பட்டி): அண்ணே, முகட்டைச் சமப்படுத்திக் காற்றாலை வைத்தால் காற்று குறையுமா?

எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட எப்படி வெட்டினோம் என்பதுதான் முக்கியம், தம்பி. வளைவான முகட்டில் ஏறும் காற்று நெருங்கி வேகம் பிடிக்கும். அதற்காகத்தான் மலைக்கே போகிறார்கள். நூறு மீட்டர் மேட்டில் மூன்று மீட்டர் சீவினால் இறக்கை உயரத்தில் சராசரி வேகம் பெரிதாக மாறாது. ஆனால் கிரேன் நிற்கத் தட்டையாக வெட்டும்போது காற்று வரும் பக்கம் கூர்மையான விளிம்பு உண்டாகிறதே, தொல்லை அங்கேதான். காற்று அந்த விளிம்பில் தரையை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழலும். இறக்கை கீழே வரும்போது கொந்தளிப்பிலும் மேலே போகும்போது வேகமான காற்றிலும் மாட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி அடி வாங்கினால் இறக்கையின் அடிப்பகுதியும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

மின்சாரமும் குறையும். காற்றின் சக்தி வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும் என்பதால், வேகம் 10 சதவீதம் குறைந்தால் சக்தியில் 27 சதவீதம் போய்விடும்.

சரிவின் நடுவில் குடைந்து தளம் போடுவது இன்னும் மோசம். பின்னால் நிற்கும் வெட்டுச்சுவரில் காற்று மோதித் திரும்பும். என்னைக் கேட்டால், அப்படி ஒரு இடத்தை விட்டுவிடலாம்.

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை, மாணவி): சார், நம்ம ஆண்டிபட்டி காற்றாலைகள் மலை உச்சியில் இல்லையே?

சரியாகக் கவனித்தீர்கள் அம்மா. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வருகிறது. நமக்கு மலையின் இடைவெளிதான் வரம். மேலே, கேரள எல்லையில் ராமக்கல்மேட்டில் மலை மேலேயே காற்றாலைகள் உண்டு.

கேள்வி (தேனி): சாலை வெட்டிய மண்ணை அங்கேயே குவிக்கலாமா சார்?

காற்று வரும் பக்கம் கூடவே கூடாது. தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது: தடையின் உயரத்தைப்போல் 2 மடங்கு மேலேயும், 20 மடங்கு பின்னாலேயும் காற்று கலங்கும். 10 மீட்டர் குவியல் என்றால் 200 மீட்டர் வரை. ஓடையிலும் தள்ளாதீர்கள். மழையில் அது கீழே இருக்கிற தோட்டங்களுக்குத்தான் வரும்.

கேள்வி (மேலூர்): கணினியில் கணக்குப் போட்டால் முன்கூட்டியே தெரியாதா?

தெரியும், சரியான வரைபடம் கொடுத்தால். வெட்டுவதற்கு முன் எடுத்த வரைபடத்தை வைத்தே கணக்கை முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதில் புது விளிம்பே இருக்காது. அப்புறம், எளிய கணக்கு முறைகள் சுமார் 17 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் தடுமாறும், ஏனென்றால் காற்று பிரிவதை அவை காட்டாது. வெட்டுமுகமோ அதைவிடப் பல மடங்கு செங்குத்து. திட்டமிட்ட வெட்டையும் சேர்த்து வரைந்து, காற்றோட்டத்தை முழுமையாகக் கணிக்கும் மென்பொருளில் ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (திருமங்கலம்): ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. இனி என்ன வழி?

காற்று வரும் பக்க விளிம்பை மட்டுமாவது சரித்து வளைவாக்குங்கள். பிரிவு குறையும். சரித்த மண்ணில் உடனே புல் பிடிக்க வையுங்கள்; மரம் வேண்டாம், அதுவும் காற்றைக் கலக்கும்.