தொடாத பொருளை வரைதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரபலங்கள் பயன்படுத்திய பொருட்களை மட்டுமே வரையும் ஒரு சமகால ஓவியரின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடி, செருப்பு, சீப்பு, முத்துமாலை. எல்லாமே ஏலப் பட்டியலில் வந்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை. எதையும் அவர் நேரில் பார்த்ததுகூட இல்லையாம். அசலிலிருந்து இரண்டு படி தள்ளி நிற்கும் இந்தப் படங்களில் என்ன உண்மை இருக்க முடியும்? பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டால் வெறும் சீப்புதானே? அடுத்தவர் புகழை வைத்துப் பிழைப்பதாகவே எனக்குப் பட்டது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெறும் சீப்புதான். ஆனால் அசல் சீப்புக்கும் அதே கதிதானே? கூடவே வரும் சான்றிதழ் தொலைந்துபோனால் அதுவும் யாருடைய சீப்போ ஆகிவிடும்.

1996 ஏப்ரலில் நியூயார்க்கில் சதபீஸ் ஏல நிறுவனம், அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் உடைமைகளை ஏலம் விட்டது. அதில் மூன்று சரம் முத்துமாலை ஒன்று. மதிப்பீடு 500 முதல் 700 டாலர். போனது 2,11,500 டாலருக்கு. அவை போலி முத்துகள், ஏலம் கேட்டவர்களுக்கும் அது தெரியும். குழந்தை மகன் அந்த மாலையைப் பிடித்து இழுக்க, அம்மா சிரிக்கும் ஒரு புகைப்படம் உண்டு. அந்தப் படத்துக்குத்தான் இவ்வளவு விலை என்று நினைக்கிறேன். வாங்கிய பிராங்க்ளின் மின்ட் நிறுவனம் அதே மாதிரி மாலைகள் செய்து விற்றது. போலி முத்துக்கு ஒரு அசல், அந்த அசலுக்குப் பிரதிகள்!

இதை ஓர் ஓவியர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூரிகைக்குக் கடல்முத்தும் போலி முத்தும் ஒன்றுதான்: சாம்பல் வட்டம், மேலே ஒரு வெள்ளைத் தீற்றல். அந்த வேறுபாடு படத்துக்குள் வரவே முடியாது. இருந்தும் பெயரைப் படித்ததும் அதே தீற்றலை நாம் வேறு மாதிரி பார்க்கிறோம். பொருளே எதிரில் இருந்தால், அவர் கைபட்டது, வியர்வை ஊறியது என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஜார்ஜ் நியூமன், பால் ப்ளூம் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிடித்தமான பிரபலம் அணிந்த ஸ்வெட்டரைக் கிருமிநீக்கம் செய்தாயிற்று என்று சொன்னதும் அதன் மேல் ஆசை குறைந்துவிட்டது. கேன்வாஸில் அந்தக் காரணத்துக்கு இடமே இல்லை. அந்தப் பிரபலம் கேன்வாஸைத் தொட்டதில்லை. அப்படியும் நமக்கு ஏதோ நேர்கிறதென்றால், அது முழுக்க நம்முடையது. உங்களை உறுத்திய அந்த இரண்டு படி தூரம்தான் இதைக் காட்டிக்கொடுக்கிறது.

இது புதிதும் இல்லை. 1870 ஜூனில் டிக்கன்ஸ் இறந்தபோது, அவருடைய கடைசி நாவலுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த லூக் ஃபில்ட்ஸ், எழுத்தறையின் காலி நாற்காலியை வரைந்தார். அந்த அச்சுப்படத்தின் மேல் வான்கோவுக்கு அவ்வளவு பிரியம். 1888-இல் பிரான்சின் ஆர்ல் நகரில் தன் நாற்காலியையும் சக ஓவியர் கோகானுடையதையும் தனித்தனியாக வரைந்தார். இரண்டிலும் ஆள் இல்லை.

ஃபில்ட்ஸ் அந்த அறைக்குள் நின்று வரைந்தார், வான்கோ கோகானோடு ஒரே வீட்டில் இருந்தார், உங்கள் ஓவியருக்கு அந்த உரிமை ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பிரபலத்தை, ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவையே எடுத்துக்கொண்டால், நாம் எப்படி அறிந்தோம்? படங்கள் வழியாகத்தான். அவரைப் பற்றிய நம் நினைவு மொத்தமும் யாரோ எடுத்த படங்களால் ஆனது. அருகில் இருந்தவர் போல வரைந்தால்தான் அது பொய். புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர், நாம் நிற்கும் அதே தூரத்தில் நிற்கிறார். எனக்கு இது நேர்மையாகவே தோன்றுகிறது.

புகழை வைத்துப் பிழைக்கும் படங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஏலப் புகைப்படத்தின் சாம்பல் பின்னணியையும் பளபளப்பையும் அப்படியே எடுத்துவைத்தால் அது இன்னொரு விளம்பரம், அவ்வளவுதான். நான் தேடுவது தேய்மானத்தை: செருப்பில் குதிகால் பதிந்த பள்ளம், கண்ணாடிச் சட்டத்தில் வெளுத்த இடம். புகைப்படம் அதை ஒரு நொடியில் பதிந்துவிடும். ஓவியர் அதைக் கொண்டுவர நாள்கணக்கில் அங்கேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் பொருளுக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதைப் பிழைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கண்காட்சி இன்னும் இருந்தால் ஒருமுறை போய், பெயர்களைப் படிக்காமல் அந்தச் செருப்பை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். அப்புறம் பெயரைப் படியுங்கள். அப்போதும் கோபம் போகவில்லையென்றால் எழுதுங்கள், மேலே பேசலாம்.

அன்புடன்.