கிரிக்கெட் புத்தகங்கள்: எதில் தொடங்குவது, எதைத் தேடிப் படிப்பது?

குன்னூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், இந்த முறை கிரிக்கெட் புத்தகங்களைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். மழையில் பாதிப் பேரால் வர முடியவில்லை, கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டார்கள். நேரில் கேட்டவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

வெலிங்டன், கல்லூரி மாணவர்: சார், மேட்ச் விடாமல் பார்ப்பேன். கிரிக்கெட் பற்றிப் புத்தகம் எதுவும் படித்ததில்லை. ஒன்றே ஒன்று என்றால் எது?

ராமச்சந்திர குஹா எழுதி 2002-ல் வந்த 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு'. தடிமனைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தம்பி. முதலில் பல்வங்கர் பாலுவைப் பற்றிய பகுதியைப் படியுங்கள்.

பாலு தலித் குடும்பத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தார். பிட்ச்சைச் சீர்செய்வார், வலை கட்டுவார், துரைமார்களின் பயிற்சிக்கு மணிக்கணக்கில் பந்து போடுவார். இடது கைச் சுழல். அதைப் பார்த்து ஊர் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். சாப்பாடும் தனி. 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணியில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் இவர். அப்படியும், மதவாரியாக அணிகள் மோதிய பம்பாய் போட்டியில் இந்துக்கள் அணிக்குத் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் கிடைத்தது. பிறகு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார் பாலு.

இவ்வளவும் ஒரு பந்துவீச்சாளரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. எந்தக் கிரிக்கெட் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஆட்டத்துக்குள் யாரை விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள்? ஸ்கோர் எல்லாம் போனிலேயே கிடைத்துவிடும். இது புத்தகத்தில்தான் கிடைக்கும்.

லவ்டேல், ஒரு தாய்: பையனுக்குப் 12 வயது. அவன் படிக்கிற மாதிரி ஏதாவது உண்டா?

ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்', 1935. முழுக்க கிரிக்கெட் கதை இல்லை அம்மா. ஆனால் பின்பாதியில் பையன்கள் சேர்ந்து எம்.சி.சி. ஆரம்பிக்கிறார்கள்: மால்குடி கிரிக்கெட் கிளப். பந்து, மட்டை கேட்டு மதராஸ் கடைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். சுவாமிநாதனுக்கு, இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் டேட்டின் பெயரே பட்டப்பெயராகிவிடுகிறது. முடிவு கொஞ்சம் வலிக்கும், கூட உட்கார்ந்து படியுங்கள்.

கோத்தகிரி, எஸ்டேட் மேலாளர்: சிரிக்க வைக்கிற புத்தகம் சொல்லுங்கள்.

ஏ.ஜி. மக்டோனல் 1933-ல் எழுதிய 'இங்கிலாந்து, தேர் இங்கிலாந்து' நாவலில் ஒரு கிராமத்து மேட்ச் வரும். அந்த ஊர்க் கொல்லர்தான் வேகப்பந்து வீச்சாளர். மைதானம் ஒரு பக்கம் சரிவு. அவர் ஓடிவரத் தொடங்கும் இடம் சரிவுக்குக் கீழே என்பதால் மட்டையாளர் கண்ணுக்குத் தெரியமாட்டார். திடீரென்று மேட்டில் தலை தெரியும், அப்புறம் பந்து வரும். எஸ்டேட் மைதானத்தில், பவுண்டரிக்குக் கீழே தேயிலைச் செடிக்குள் போன பந்தைத் தேடிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படிக்கலாம். நாவலின் மற்ற பகுதிகள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

உட்ஹவுஸ் படிப்பவர் என்றால் இதுவும்: அவர் கதைகளில் வரும் பணியாளர் ஜீவ்ஸின் பெயர் பெர்சி ஜீவ்ஸ் என்ற வார்விக்‌ஷயர் ஆட்டக்காரரிடமிருந்து வந்தது. அவர் 1916-ல் முதல் உலகப் போரில் இறந்துபோனார்.

கூடலூர், ஆசிரியர்: என் அப்பா இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளி. எங்கள் கதையோடு தொடர்புள்ள கிரிக்கெட் புத்தகம் இருக்கிறதா ஐயா?

இருக்கிறது. ஷெஹான் கருணாதிலக்கவின் 'சைனாமன்'. 2010-ல் வந்த நாவல். பின்னாளில் 2022-ல் புக்கர் பரிசு வாங்கியவர் இவர்தான். குடியால் உடல் கெட்டுப்போன ஓய்வுபெற்ற விளையாட்டு நிருபர் ஒருவர், சாவதற்கு முன் பிரதீப் மேத்யூ என்ற பந்துவீச்சாளரைத் தேடுகிறார். இலங்கைக்கு ஆடிய மகா திறமைசாலி, தமிழ் வேர் உள்ளவர். ஆனால் அவரைப் பற்றிப் பேச யாரும் தயாராக இல்லை, பதிவுகளிலும் அவர் மறைந்துபோயிருக்கிறார். மேத்யூ கற்பனைதான். நடுவில் நிஜ ஆட்டக்காரர்களும் நிஜ மேட்சுகளும் வருவதால், படிக்கும்போது பலரும் அவரைத் தேடிப் பார்த்துவிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு முரளிதரனை நினைத்துப் பாருங்கள். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கண்டிப் பக்கம் போனவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அதில் ஒரு பகுதி கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து சேர்ந்தது. அங்கேயே தங்கிவிட்ட ஒருவரின் மகன் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தார். உங்கள் அப்பாவோடு அந்த நாவலைப் பற்றிப் பேசிப் பாருங்கள், எனக்குத் தெரியாத எவ்வளவோ அவர் சொல்வார்.

ஊட்டி, கல்லூரி மாணவி: எல்லாம் ஆண்கள் ஆட்டமாகவே இருக்கிறதே?

கேட்க வேண்டிய கேள்வி அம்மா. பெண்கள் முதல் உலகக் கோப்பை ஆடியது 1973-ல், ஆண்களுக்கு 2 வருடம் முன்னால். இதைப் பலரும் நம்ப மறுப்பார்கள். இந்தியப் பெண்கள் ஆட்டத்தின் வரலாற்றுக்கு, காருண்யா கேசவும் சித்தாந்த பட்நாயக்கும் எழுதிய 'தி ஃபயர் பர்ன்ஸ் ப்ளூ', 2018. 1976-ல் முதல் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கிய சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர். அந்தத் தலைமுறை எந்த வசதியும் இல்லாமல் ஆடியது என்று தெரிந்துகொண்டால், 2025-ல் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கிய காட்சியே வேறாகத் தெரியும்.

குன்னூர், பழைய பங்களா வாங்கியவர்: அலமாரியில் மஞ்சள் அட்டை விஸ்டன் புத்தகங்கள் கிடைத்தன. விலை போகுமா?

விஸ்டன் என்ற இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆண்டு மலர் 1864-லிருந்து வருகிறது. முதல் இதழைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். கிரிக்கெட்டோடு கால்வாய்களின் நீளம், போர்கள் நடந்த தேதி என்று என்னென்னவோ போட்டுப் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்கள். இப்போது நாம் பார்க்கும் மஞ்சள் அட்டை 1938-ல் வந்தது. உங்களிடம் இருப்பவை 60, 70-களின் புத்தகங்கள் என்றால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் கால இதழ்கள் குறைவாக அச்சானவை, அவற்றுக்கு மதிப்பு உண்டு. 1916 இதழுக்கும் அப்படித்தான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்டையாளர் டபிள்யூ.ஜி. கிரேஸின் இரங்கல் குறிப்போடு, போரில் இறந்த இளைஞர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக அதில் இருக்கின்றன. மிகப் பழைய இதழாகத் தெரிந்தால், மறுபதிப்பா என்று முதலில் பாருங்கள்.

விலையை விட அவசரமானது ஈரம். நம் ஊர் மழைக்காலத்தில் மூடிய அலமாரி என்றால் பூஞ்சை நிச்சயம். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நெருக்கி அடுக்காதீர்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து வையுங்கள், புத்தகத்தை நேர் வெயிலில் காயப்போட வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால் உள்ளேயே வேர்த்துக் கெட்டுப்போகும்.

அரவேணு, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: துரைமார்களின் ஆட்டத்தை நாம் ஏன் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும்?

இதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் டிரினிடாடின் சி.எல்.ஆர். ஜேம்ஸ். மார்க்சியர், காலனி ஆட்சியை எதிர்த்தவர், கிரிக்கெட்டை உயிராக நேசித்தவர். அவருடைய 'பியாண்ட் எ பவுண்டரி' 1963-ல் வந்தது. அவர் இளைஞராக இருந்தபோது அங்கே கிளப்புகள் தோல் நிறத்தின்படி பிரிந்திருந்தன. கறுப்பர்களின் ஷானன் கிளப்பில் சேர வாய்ப்பிருந்தும், நிறம் கொஞ்சம் மட்டான நடுத்தர வர்க்கத்தின் மேப்பிளில் சேர்ந்தார். அந்த முடிவு தன் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளியது என்று அவரே எழுதுகிறார். பிறகு, மேற்கிந்திய அணிக்குத் தலைவராகக் கறுப்பரான ஃபிராங்க் வொரலை நியமிக்கச் சொல்லித் தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1960-ல் அது நடந்தது. அதுவரை ஒரு முழுத் தொடருக்கு எந்தக் கறுப்பரையும் அந்த அணிக்குத் தலைவராக்கியதில்லை.

ஐயா, ஆட்டம் துரை கொண்டுவந்ததுதான். அதை வைத்துக்கொண்டே துரையிடம் கணக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் நான் கொண்டாடுகிறேன்.

கேத்தி, பத்தாம் வகுப்பு மாணவர்: தமிழ்நாட்டு கிரிக்கெட் பற்றி ஒன்றுமே இல்லையா? தமிழிலும் வேண்டும்.

வி. ராம்நாராயண் எழுதிய 'மஸ்கிட்டோஸ் அண்ட் அதர் ஜாலி ரோவர்ஸ்' தமிழ்நாட்டு கிரிக்கெட்டின் கதை. அவரே ரஞ்சிக் கோப்பையில் ஆடிய சுழல்பந்து வீச்சாளர். முதல் ரஞ்சி மேட்ச் 1934-ல் சேப்பாக்கத்தில், மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்தது. எம்.ஜே. கோபாலன் முதல் பந்தைப் போட்டார், ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார், ஒரே நாளில் மேட்ச் முடிந்துவிட்டது.

தமிழில், வானொலி வர்ணனையின் கதையையே விரிவாக எழுதலாம். அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் குரல்களைக் கேட்டு ஆட்டம் கற்றவர்கள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். எஸ்டேட் அணிகளின் கதையும் எழுதப்பட வேண்டியது. தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பையன்கள் எப்போது எஸ்டேட் அணிக்குள் வந்தார்கள், ஹட்டிக்கு ஹட்டி, அதாவது படுகர் ஊர்களுக்குள், டோர்னமென்ட் எப்படித் தொடங்கியது, இடைவேளையில் யார் எங்கே உட்கார்ந்து டீ குடித்தார்கள் என்பதெல்லாம் இப்போது 70, 80 வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது. உன் தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா தம்பி. பழைய ஸ்கோர் நோட்டு வைத்திருப்பவர்களும் அடுத்த மாதக் கூடுகைக்கு எடுத்து வாருங்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.