ஆமை எங்கே பொறுமையாக இருந்தது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பொறுமைக் கதைகளைப் பற்றியவை. பள்ளி திறந்த மாதம் இல்லையா!

ஐந்து வயது மகனுக்கு முயல்–ஆமைக் கதையைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். பொறுமை வந்தபாடில்லை. வேறு கதை உண்டா?

அந்த ஆமை எங்கே காத்திருந்தது? ஒரு நிமிடம்கூட நிற்காமல் நடந்தது. அதற்குப் பெயர் விடாமுயற்சி. படுத்து ஓய்வெடுத்தது முயல்தான்!

காத்திருக்கக் கற்றுத்தர நம்மிடம் கொக்கு இருக்கிறது. மூதுரையில் ஔவையார் சொல்வது: ‘ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு.’ வள்ளுவரும் 490-ஆம் குறளில் இதே கொக்கைத்தான் காட்டுகிறார். நேரம் வந்ததும் அது குத்துகிற குத்தையும் சேர்த்தே சொல்கிறார். அந்தக் குத்தை விட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் கதை சப்பென்று ஆகிவிடும்.

நடித்தே சொல்லுங்கள். பையன் ஒற்றைக் காலில் நிற்கட்டும். உங்கள் விரல்கள்தான் மீன். சுண்டுவிரல் ஓடினால் விட்டுவிட வேண்டும், கட்டைவிரல் வந்தால் கொத்தலாம். நான் கதை சொல்லப் போகிற வகுப்புகளில் முதல் ஆட்டத்தில் சுண்டுவிரலுக்கே பாய்ந்துவிடுவார்கள். நாலாவது ஆட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கண் மட்டும் விரலோடு ஓடும்.

கீரிப்பிள்ளை சாகிற இடத்தில் என் மகள் தேம்பித் தேம்பி அழுகிறாள். வயது நாலு. முடிவை மாற்றிச் சொல்லலாமா?

மாற்ற வேண்டாம், தள்ளிப்போடுங்கள். ஆறு வயதுக்கு மேல் சொல்லிக்கொள்ளலாம். கீரி பிழைத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. தண்ணீர்க் குடத்தை அதன் மேல் போடுவதற்கு முன்னால் அந்த அம்மா தொட்டிலை ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கீரி கொன்று போட்டிருப்பது தெரிந்திருக்கும். சொல்லும்போது அந்த இடத்தில் நிறுத்துங்கள். கீரியின் வாயில் ரத்தம், அம்மாவின் கையில் குடம். ‘உள்ளே போய்ப் பாரு!’ என்று பிள்ளைகளே கத்துவார்கள். கத்தட்டும். அவசரப்படாதே என்று நீங்கள் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

பஞ்சதந்திரத்தோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பெண்ணை விட்டுவிட்டுக் கணவன் வடக்கே கிளம்பிவிடுகிறான். கோவலன்தான் அவள் பழி தீரத் தானம் செய்து, பொருளும் கொடுத்து, கணவனைத் திரும்பச் சேர்த்துவைக்கிறான். அழுகிற பிள்ளைக்கு இந்தப் பின்கதையையும் சொல்லுங்கள். கீரி திரும்பி வராது. ஆனால் அவசரப்பட்டுத் தப்பு செய்தவளுக்கும் அதற்கப்புறம் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்கலாமா?

கேட்காதீர்கள். பரீட்சை ஆகிவிடும்.

ஒரு சாக்லேட்டை வைத்துவிட்டு, கால்மணி நேரம் பொறுத்தால் இரண்டு தருவதாகச் சொன்னேன். நான் அறையைத் தாண்டுவதற்குள் பையன் தின்றுவிட்டான். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் 1960-களின் கடைசியில் தொடங்கிய சோதனை அது. காத்திருந்த பிள்ளைகள் பின்னால் படிப்பிலும் நன்றாக வந்ததாகப் பேசப்பட்டது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 2013-இல் வெளிவந்த ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு. 28 பிள்ளைகள்தான். படம் வரைய இதைவிட நல்ல பொருள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேருக்கு வெறுங்கையோடு வந்து ‘இல்லையாம்’ என்றார்கள். அப்புறம்தான் மிட்டாயை வைத்தார்கள். சொன்னபடி கிடைத்தவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளை சட்டென்று வாயில் போட்டுக்கொண்டது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

ஆகவே இரவில் ‘மீதிக் கதை நாளைக்கு’ என்று நிறுத்தினால், நாளைக்கு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் ஒரு பையன் தினமும் பென்சிலைப் பிடுங்குகிறான். குரங்கின் சேட்டையைப் பொறுத்துக்கொண்ட எருமைக் கதையைச் சொல்லி, ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்கிறார் என் மாமியார். சரிதானா?

பொறுமை என்ற ஒரே சொல்லில் காத்திருப்பதையும் பொறுத்துப்போவதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வள்ளுவர் காலமறிதல், பொறையுடைமை என்று தனித்தனி அதிகாரமாகவே வைத்தார்.

உங்கள் மாமியார் சொன்னது, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று. அந்த எருமை போதிசத்துவர், அதாவது புத்தராகப் பிறக்கப் போகிறவர். உங்கள் மகள் ஏழு வயதுப் பிள்ளை. கதையின் முடிவில் வேறொரு முரட்டு எருமை வருகிறது, குரங்கு வழக்கம்போல் அதன் முதுகிலும் ஏறுகிறது, எருமை அதைக் கொன்றுவிடுகிறது. வீட்டில் சொல்லும்போது பலரும் இதை விட்டுவிடுவார்கள். இந்தக் கதை ஏன் பெண்பிள்ளைகளுக்கே அதிகம் சொல்லப்படுகிறது என்பதையும் மாமியாரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள், சண்டை போடாமல்.

அதற்கு முன்னால் நாளைக்குக் காலையில் டீச்சரைப் பார்த்துவிடுங்கள்.