மைத்துனருக்குக் குறைத்தால் உங்களுக்குக் கூடுமா?

கேள்வி: தனியார் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றேன். பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 2,300 ரூபாய். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் இருந்த என் மைத்துனர் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வாங்குகிறார். சோப்பு வாங்கினாலும் நானும்தானே வரி கட்டுகிறேன்? அரசு ஊழியர் ஓய்வூதியத்தைக் குறைத்தால் என்ன?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்ற நானும் அந்த ஓய்வூதியம் வாங்குகிறவன்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மைத்துனருக்குக் குறைத்தால் உங்களுக்கு ஒரு ரூபாயும் கூடாது.

உங்கள் தொகை ஏன் இவ்வளவு சிறியது? முதலாளி செலுத்தும் பங்கில் சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. அந்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: முன்பு 6,500 ரூபாய், 2014 செப்டம்பரிலிருந்து 15,000. நீங்கள் முப்பதாயிரம் வாங்கியிருந்தாலும் பெரும்பாலோர் கணக்கில் 15,000தான். நிதியில் சேர்வது மாதம் 1,250. பிறகு சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். பணியாண்டு 35 என்று வைத்தாலும் 7,500 தான் வரும். அகவிலைப்படி கிடையாது, அரிசி விலை ஏறினாலும் அந்தத் தொகை அசையாது. உங்களுக்கு நடந்த அநியாயம் இதுதான்.

மைத்துனருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி. ரயில்வேயில் இந்தச் செலவு டிக்கெட், சரக்குக் கட்டண வருமானத்திலிருந்தே போகிறது. மைத்துனர் இருக்கும் இந்தப் பழைய திட்டத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் வேலையில் இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டிய பணத்தை எடுத்துவைக்கவில்லை. அன்றைய உழைப்புக்கு இன்றைய வருமானத்தில் கொடுக்கிறார்கள். 2004 ஜனவரி முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களின் பணத்தைச் சந்தையில் போட்டு, கையில் என்ன வரும் என்ற உறுதியை எடுத்துவிட்டார்கள். அது எதிர்ப்பக்கத்துத் தவறு. 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் 10 சதவீதம், அரசு 18.5 சதவீதம் மாதாமாதம் ஒதுக்க வேண்டும். 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. சீர்திருத்தம் என்றால் இந்த வழியில்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

போன நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழுக்காக வங்கியில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பழைய ஃபிட்டர். அவருடைய கட்டைவிரலைக் கருவி ஏற்கவே இல்லை. ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் முகத்தைப் படம்பிடித்துத்தான் பதிவு செய்தார்கள். ஓய்வூதியம் கருணையால் தரும் இனாம் அல்ல என்று 1982-இல், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் நகரா தொடுத்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லேத் ஓட்டிய உங்கள் விரலும் அந்த ஃபிட்டரின் விரல்போலத்தானே இருக்கும்? அந்தத் தீர்ப்பின் நியாயம் உங்களுக்கும் பொருந்த வேண்டும். வரம்பை உயர்த்து, அகவிலைப்படி கொடு என்று உரக்கக் கேளுங்கள். மைத்துனரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் ஓய்வூதிய ஆணையில் பணிக்காலம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கம்பெனி மாறியவர்களுக்குப் பழைய ஆண்டுகள் விடுபடுவது உண்டு. விடுபட்டிருந்தால் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.